மேல்வீட்டுச் சத்தம்

முதல் வாரம் எண்ணினேன்:
ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பதினேழு.
டொப். கொஞ்சம் இடைவெளி. டொப்.
பிறகு ஏதோ உருண்டு போய்
சுவரில் முட்டி நிற்கும்.

ராத்திரி முழுக்க ரொட்டித் தொழிற்சாலையில் நின்றுவிட்டு
காலை எட்டுக்குப் படுப்பவள் நான்.
க்ளைபெடாவில் மார்கழிக் காலை என்பது
விடிய மறந்த இரவுதான்,
தூங்க அதைவிட வசதி எது?
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினேன்.
பதில் இல்லை. டொப்.

மாடியேறிப் போனேன், சண்டைக்கு.
கதவைத் திறந்தார் ஸெனோனாஸ்.
எழுபத்து நான்கு வயது, கையில் இரண்டு பந்து,
மூன்றாவது அலமாரிக்கு அடியில்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
நாற்பது வருடம் வானத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
கப்பல் வயிற்றிலிருந்து இரும்புப் பெட்டிகளை எடுத்து
முட்டையை வைப்பதுபோல் கரையில் வைத்தவர்.
ஒன்றைக்கூடக் கீழே போட்டதில்லை.
"இப்போது போடுவதுதான் வேலை" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஏதோ ஆராய்ச்சி.
தலைக்குள் படம் பிடித்துவிட்டு
மூன்று பந்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.
மூன்று மாதம் பழகணும். பிறகு இன்னொரு படம்.
காதுக் கருவியும் போடச் சொன்னார்களாம்,
அது மேசை இழுப்பறையில் கிடந்தது.
அப்போதுதான் உறைத்தது:
அவர் போட்ட சத்தம் அவருக்கே கேட்டதில்லை.

கருவியை மாட்டிக்கொண்டு ஒரு பந்தை நழுவவிட்டார்.
திடுக்கிட்டார்.
"இதையா நீங்கள் தினமும்..."
மறுநாள் தரையில் கம்பளம் விரித்தார்.
டொப் என்பது தொப் ஆயிற்று.

குழுவில் இருந்த கல்லூரிப் பையன்கள்
பத்தே நாளில் பிடித்துவிட்டார்கள்.
"என் தலைக்குள் ரோடு போடுகிறவர்கள்
சாப்பிடப் போனால் திரும்பிவர நேரமாகிறது" என்றார்.
இளசுகளுக்கு மூளையின் ஒரு பக்கம் போதுமாகிற வேலைக்கு
இவருக்குச் சமயத்தில் மறுபக்கமும் எழுந்து வருகிறதாம்,
கட்டிலை நகர்த்த
எதிர்வீட்டுக்காரனையும் கூப்பிடுவதுபோல.

சில நாள் முப்பது. மறுநாளே எழுபது.
தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள்
எண்ணிக்கை எகிறும். அவர் தூக்கமா, என் தூக்கமா,
எது முதலில் கெட்டது என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, ஒன்றுமே விழவில்லை.
படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன்.
ஒரு நிமிடம். இரண்டு.
விழாதது பந்தா, விழுந்தது மனிதரா?
செருப்பில்லாமல் ஓடினேன்.
கதவு சாத்தவில்லை. நடுக்கூடத்தில்
நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறார்,
மூன்றும் காற்றில்.
என்னைப் பார்த்ததும்
மூன்றும் தரையில்.

இரண்டாவது படத்தில்
நகர்வதைக் கண்டுகொள்ளும் இடத்தில், இருபுறமும்,
சற்றே தடித்திருந்ததாம்.
வெங்காயச் சருகின் கனம்கூட வராது.
அதை நகக்கணுவில் அளந்து காட்டினார்.
என்னை இன்னும் ஆல்டோனா என்றுதான் கூப்பிடுகிறார்,
எனக்கு முன் குடியிருந்தவள் பெயர்.
பந்து பந்தைத்தான் கற்றுத்தருகிறது.

பிறகு விதிப்படி மூன்று மாதம் தொடக்கூடாது.
நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும் நான்.
தூங்கவில்லை.
மூன்றாவது படத்தில் அந்தத் தடிப்பு
வந்த வழியே போய்விட்டது.
"வாடகை வீடு, ஆல்டோனா.
மாதம் தவறாமல் கட்டணும்."

ஆராய்ச்சி முடிந்தது, பந்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
இப்போது வேலைக்குக் கிளம்புமுன்
அலைதடுப்புச் சுவர் வரைக்கும் நடக்கிறோம்.
காற்றில் அவர் கருவி விசிலடிக்கும்.
கிரேன்களின் எண்களைச் சொல்வார், தப்பாமல்.
என் பெயரை நானும் திருத்துவதில்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு. என் சாதனை, நான்கு பிடி.
நேற்று என் வீட்டில் தனியாக,
ஐந்தாவதுக்குக் கை போனபோது
பந்து அடுப்படிப் பக்கம் உருண்டது.
கீழ்வீட்டிலிருந்து
துடைப்பக் கட்டை, இரண்டு தட்டு.
கேட்காததுபோல் குனிந்து
தேடிக்கொண்டிருந்தேன்.